பாவாயி உளி பிடித்த வருஷம்

கங்கா ஏழாங்கட்டைத் தோட்டத்துக்கு மருமகளாக வந்த மறுநாள், விடிவதற்கு முன்பே மாமியார் பாவாயி அவள் கையில் ரப்பர் மரத்தில் பால்வெட்டும் கத்தியைக் கொடுத்துவிட்டாள். 1965ஆம் வருஷம் அது. தாலிக்கயிற்றில் மஞ்சளின் ஈரம்கூடக் காயவில்லை. "எங்க பக்கமெல்லாம் புதுப்பொண்ண ஒரு வாரமாச்சும் உக்கார வெச்சு சோறு போடுவாங்க" என்று கங்கா வாய்க்குள் முனகியது பாவாயியின் காதில் விழுந்துவிட்டது.

"போடலாந்தான் புள்ள. ஒரு வாரம் உக்காந்தவள எட்டாம் நாளு எந்திரிக்க வைக்கிறது யாரு? அதுக்கு எனக்கு நேரமில்ல."

அந்தப் பேச்சில் கோபமும் இல்லை, கேலியும் இல்லை. நேரமில்லை என்பது உண்மை, அவ்வளவுதான். ஆனாலும் கங்காவுக்கு அன்று வந்த எரிச்சல் பதினெட்டு வருஷம் அடங்கவில்லை.

மலாய் நாட்டில், புக்கிட் ரோத்தானிலிருந்து உள்ளே திரும்பும் செம்மண் ரோட்டில் இருந்தது அந்தத் தோட்டம். பாவாயி பிறந்ததே அங்கேதான். அவளுடைய அப்பா நாமக்கல் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர். ஜப்பான்காரன் காலத்தில் அவரைச் சயாமுக்கு ரயில்பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் திரும்பவில்லை. வயதுக்கு வந்த பெண்ணை வீட்டில் வைத்திருக்கப் பயந்த அம்மா, பதினாறு வயதில் பாவாயியைச் சோமுவுக்குக் கட்டிக்கொடுத்தாள். மூன்று பிள்ளைகள் பிறந்தார்கள். மூத்தவன்தான் கங்காவின் புருஷன் செல்லன். அவனுக்குப் பன்னிரண்டு வயதானபோது சோமு நெஞ்சு நோயில் இறந்துபோனான். பாவாயிக்கு அப்போது முப்பதுகூட முடியவில்லை.

அதற்குப் பிறகு அவள் ஓய்ந்து உட்கார்ந்ததைப் பார்த்தவர்கள் தோட்டத்தில் யாரும் இல்லை. காலையில் தன் மரங்களை வெட்டிப் பாலைக் கொண்டுபோய் ஊற்றுவாள். மத்தியானத்துக்கு மேல் பக்கத்துக் கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், ஒரு மலாய்க்காரரின் தென்னந்தோப்புக்குப் புல் வெட்டப் போவாள். அப்படி உழைத்தே இரண்டு பெண்களையும் வளர்த்து, ஒருத்தியைச் சபாக்கிலும் இன்னொருத்தியைப் பத்தாங் பெர்ஜுந்தாயிலும் கட்டிக்கொடுத்தாள். முன்னொரு காலத்தில் அடையாளக் கார்டு எடுக்கும்போது, பிறந்த வருஷம் சொல்ல அப்பா இல்லாததால் அம்மா குத்துமதிப்பாக ஒன்றைச் சொல்லி, பாவாயிக்கு நாலு வயது குறைந்துபோயிருந்தது. "கவர்மெண்டே நாலு வருஷம் சும்மா குடுத்திருக்கு. அத வீணாக்க முடியுமா?" என்பாள்.

யாரையும் பாராட்ட அவளுக்கு வராது. குழம்பு ருசியாக இருந்தால் இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுவாள், வாயைத் திறந்து நல்லா இருக்கு என்று சொல்ல மாட்டாள். மகள் கலாவதி பிறந்த பிறகு கங்கா ஒரு மாதம் காய்ச்சலில் கிடந்தாள். எழுந்து வேலைக்குப் போனபோது, தன் நிரையில், தனக்கு ஒதுக்கிய மரவரிசையில், ஒரு நாள்கூட மரம் வெட்டப்படாமல் விடுபடவில்லை என்று தெரிந்தது. இரண்டு பேர் வேலையையும் பாவாயி ஒருத்தியே பார்த்திருக்கிறாள். கங்கா நன்றி சொல்லப் போனாள். "மரத்துப் பட்டை நல்லா ஆறியிருக்கா, பாத்து வெட்டு" என்று சொல்லிவிட்டு அவள் நகர்ந்துவிட்டாள்.

1978இல் தோட்டத்துக்குப் பெரிய யந்திரங்கள் வந்தன. பால்மரங்களையெல்லாம் தள்ளிச் சாய்த்துவிட்டு, எண்ணெய்க்கான செம்பனை நட்டார்கள். லயத்து வரிசை வீடுகளின் பெண்கள் ரோட்டோரம் நின்று அழுதார்கள். பாவாயியும் போய்ப் பார்த்தாள். முப்பத்தைந்து வருஷமாகத் தான் வெட்டிய மரங்கள் வேரோடு கிடந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி. இந்தப் புது மரத்துல என்ன வேல, அதச் சொல்லுங்க" என்று வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் கேட்டாள்.

செம்பனையில் பெண்களுக்கு நல்ல வேலை ஒன்றும் இல்லை என்பது காய்ப்புக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. குலை வெட்டுவது ஆண்களின் வேலை. நீளமான இரும்புக் குழாயின் முனையில் அகலமான உளியைப் பொருத்தி, மட்டையை வெட்டித் தள்ளிவிட்டு, காம்பில் குத்திக் குலையை அறுத்து இறக்க வேண்டும். கூலி அதற்குத்தான். பெண்கள் பின்னால் போய், கீழே சிதறிய உதிரிப் பழங்களைப் பொறுக்கிச் சாக்கில் கட்டலாம், உரம் போடலாம், புல்லுக்கு மருந்து அடிக்கலாம். பால்வெட்டில் ஆணுக்குச் சமமாக நின்றவர்கள் அரைக் கூலிக்கு இறங்கினார்கள். செல்லன் வெட்டாள் ஆனான். கங்கா அவன் பின்னால் பழம் பொறுக்கினாள். பாவாயி உரச் சட்டியைத் தூக்கினாள்.

1983 பிப்ரவரியில், மழை பெய்து ஊறிய ரோட்டில் குலை ஏற்றிப்போன டிராக்டர் வண்டி சறுக்கி, ரோட்டோர வடிகாலான கானுக்குள் கவிழ்ந்தது. மேலே உட்கார்ந்திருந்த செல்லனின் வலது தொடை எலும்பு இரண்டாக முறிந்தது. கிள்ளான் ஆஸ்பத்திரியில் ஐந்து வாரம் கிடந்தான். மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்தவனிடம், ஒரு வருஷத்துக்குப் பாரமான வேலை எதையும் நினைக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அவன் வந்த மூன்றாம் நாள் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வாசு லயத்துக்கு வந்தார். நல்ல மனுஷர், அதனால்தான் சொல்ல வந்ததைச் சொல்ல முடியாமல் வாசலில் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார்.

"ஆபீசு உத்தரவு. வெட்டாளு இல்லாத வீட்டையெல்லாம் காலி பண்ணச் சொல்றாங்க. புதுசா வெட்டு ஆளுங்க வர்றாங்க, அவங்களுக்கு வீடு வேணுமாம். இந்த மாசம் போகட்டும். அடுத்த மாசக் கடைசிக்குள்ள..."

செல்லன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். "எங்கண்ணன் சபாக்குல தென்னந்தோட்டத்துல இருக்காரு. அங்க போயிடலாம் அத்தே. ரெண்டு வீடு தள்ளி ஒரு குடிசை சும்மா கெடக்குதாம்" என்றாள் கங்கா.

உள்ளே பாடப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த கலாவதி எட்டிப் பார்த்தாள். கோலசிலாங்கூர் பள்ளியில் ஐந்தாம் படிவம். வருஷக் கடைசியில் எஸ்.பி.எம். என்ற பள்ளி இறுதிப் பரீட்சை. அந்த லயத்திலிருந்து அதுவரை படித்துப்போன ஒரே பெண் அவள்தான். "அங்கிருந்து ஸ்கூலுக்கு எப்படிம்மா வர்றது?" என்று மட்டும் கேட்டாள்.

பாவாயி கிராணியிடம், "வெட்டாளு இருந்தா வீடு இருக்கும். அப்படித்தானே?" என்றாள்.

"ஆமாக்கா. ஆனா செல்லனால..."

"செல்லனைச் சொல்லல. நான் வெட்டுறேன்."

வாசு சிரித்துவிட்டார். அப்புறம் அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை விழுங்கினார்.

அன்று மாலைக்குள் லயம் முழுக்கச் செய்தி பரவியது. கள்ளுக்கடையில் ஆண்கள் உருண்டு சிரித்தார்களாம். செல்லனுக்கு அவமானம் தாங்கவில்லை. "வேணாம்மா. ஊரே சிரிக்குது" என்றான். வீட்டுக்குப் பின்னால் கிடந்த அவனுடைய உளியைத் தூக்கிக் கனம் பார்த்துக்கொண்டிருந்த பாவாயி திரும்பவில்லை. "சிரிக்கிறவன் வந்து நம்ம நிரையில குலை வெட்டித் தருவானா? தரமாட்டான்ல? அப்புறம் என்ன!"

மறுநாள் ஆபீசுக்குப் போனாள். மேனேஜர் ஈப்போவிலிருந்து புதிதாக வந்த இளைஞர். தமிழ் தெரியாது. பாவாயிக்குக் கம்பத்தில் புல் வெட்டிப் பழகிய மலாய் போதுமானதாக இருந்தது. மண்டோர் ஐயாவு, "பொம்பளைக்கு இது ஆகாது தொரை, இடுப்பு ஒடிஞ்சிரும்" என்றார். மேனேஜர் அவளைப் பார்த்து, முடியுமா என்று கேட்டார்.

"போலே, துவான்" என்றாள் பாவாயி. முடியும், ஐயா.

மேனேஜர் கொஞ்சம் யோசித்தார். ஒரு மாதம் பழகிக்கொள்ளட்டும், மாதக் கடைசியில் ஒரு நாள் ஆண் வெட்டாளின் முழுப் பங்கையும் வெட்டிக் காட்டட்டும் என்றார். முழுப் பங்கு என்றால் அந்தத் தோட்டத்துக் காட்டில் தொண்ணூறு குலை. மத்தியானம் இரண்டு மணிக்குள் முடிய வேண்டும். பழுக்காத காய்வெட்டு ஒன்றுகூட இருக்கக் கூடாது. முடிந்தால் வெட்டாள் என்று பேர் பதியலாம். வீடு நிற்கும்.

முதல் பத்து நாள் நரகமாகப் போனது. பாவாயி வெட்ட, கங்கா பின்னால் பொறுக்கினாள். செல்லனின் உளி அவனுடைய உடம்புக்குச் செய்தது. பாவாயி அதைத் தூக்கிக் குத்தினால் உளி ஒரு பக்கம் போனது, அவள் ஒரு பக்கம் போனாள். மட்டை முள் உள்ளங்கையில் ஏறி உடைந்தது. முதல் நாள் இருபத்திரண்டு குலை, அதில் ஆறு காய். ஐயாவு அந்த ஆறையும் ரோட்டோரம் தனியாக எடுத்து வைத்து, போகிறவர் வருகிறவர் பார்க்கும்படி விட்டுவிட்டுப் போனார்.

பதினோராம் நாள் கங்கா பொறுமை இழந்தாள். சாக்கைத் தூக்கித் தரையில் எறிந்தாள். "போதும் அத்தே. உங்க வீம்புக்கு எல்லாரும் சாக முடியாது. அண்ணன் வீட்டுக்குப் போயிடலாம்."

பாவாயி உளியை மரத்தில் சாய்த்துவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தாள். பதினெட்டு வருஷத்தில் கங்கா அவளிடம் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

"வீம்பு இல்ல கங்கா. எனக்கு வேற எடம் தெரியாது. போன எடத்துல ஒண்டிக்கிட்டு இருந்தா அந்தப் புள்ள படிப்பு நின்னுரும். பரீட்சைக்கு இன்னும் எட்டு மாசந்தான் இருக்கு அதுக்கு." பிறகு, கங்கா எதிர்பார்க்காத ஒன்றைக் கேட்டாள். "நீ பின்னாடி நின்னு பாக்குறல்ல. நான் எங்க தப்புப் பண்றேன், சொல்லு."

கங்கா தயங்கினாள். செல்லன் பின்னால் வருஷக்கணக்காக நின்று பார்த்தவள் அவள். "நீங்க கையால குத்துறீங்க. அவரு இடுப்பால குத்துவாரு. காலு முன்னாடி போவும், உடம்பு போவும், கை சும்மா புடிச்சிக்கிட்டுத்தான் இருக்கும். அதோட அந்த உளி உங்களுக்கு ரொம்பக் கனம்."

அன்று மத்தியானமே இருவரும் பஸ்ஸேறிப் புக்கிட் ரோத்தான் கடைத்தெருவுக்குப் போனார்கள். கொல்லுப்பட்டறை வைத்திருந்த சீனக் கிழவர், உளி யாருக்கு, மகனுக்கா என்று மலாயில் கேட்டார். பாவாயி தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். கிழவர் வாய்விட்டுச் சிரித்தார். ஆனால் சிரித்து முடித்ததும் ஒரு நூலை எடுத்து வந்து, அவளை நிமிர்ந்து நிற்கச் சொல்லி, தோளிலிருந்து விரல் நுனி வரைக்கும், இடுப்பிலிருந்து தரை வரைக்கும் அளந்தார். தையல்காரன் ரவிக்கைக்கு அளப்பதுபோல இருந்தது கங்காவுக்கு. நான்கு விரல் அகலத்துக்குப் பதில் மூன்று விரல் அகலத்தில் உளி அடித்தார். குழாயையும் மெலிதாகப் போட்டார். "கூர் போகாமப் பாத்துக்கோ. கனம் கொறஞ்சா கூருதான் வேல செய்யணும்" என்று சொல்லிக் கொடுத்தார்.

கூர் தீட்டுவதைப் பாவாயிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பால்வெட்டில் மயிரிழை தப்பினால் மரம் காயப்பட்டுவிடும். அப்படிப்பட்ட கத்தியை ஆயுள் முழுக்கத் தீட்டிய கை அது. மற்ற வெட்டாள்கள் காலையில் ஒரு தடவை தீட்டிவிட்டு வருவார்கள். அவள் சாணைக்கல்லை இடுப்பில் கட்டிக்கொண்டு, பத்து மரத்துக்கு ஒரு தடவை தீட்டினாள். உளி வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கத் தொடங்கியது. முப்பது குலை நாற்பத்தைந்தானது, நாற்பத்தைந்து அறுபதானது. பழுத்த குலையைக் கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு வழியும் பிடிபட்டது. அண்ணாந்து நிறத்தைப் பார்த்து ஏமாறாமல் முதலில் மரத்தடியைப் பார்த்தாள். தானாகக் கழன்ற பழங்கள் கீழே கிடந்தால்தான் உளியைத் தூக்கினாள்.

கடைசி வாரம் ஒரு மாலை, செல்லன் கட்டுப்போட்ட காலை நீட்டியபடி வாசலில் உட்கார்ந்திருந்தான். அம்மா முகம் கழுவப் போன நேரத்தில் அவளுடைய உளியைத் தன் பக்கம் இழுத்தான். விரலால் கூரைத் தடவிப் பார்த்தான். சாணைக்கல்லை எடுத்துத் தீட்ட ஆரம்பித்தான். பாவாயி திரும்பி வந்து பார்த்துவிட்டு, அப்படியே அடுப்படிக்குப் போனாள். அன்றிலிருந்து சாயங்காலத் தீட்டு அவனுடைய வேலையானது.

சோதனை நாள் வந்தது. காலை ஆறரைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கூப்பிட்டு முடிந்ததும், இருவரும் தங்களுக்கு ஒதுக்கிய காட்டுக்குள் நுழைந்தார்கள். இருவரைத் தவிர வேறு யாரும் குலையைத் தொடக் கூடாது என்று ஐயாவு கட்டளை போட்டிருந்தார்.

முதல் மூன்று மணி நேரம் எல்லாம் சுலபமாகப் போனது. பாவாயி நிரை மாறி நிரை மாறிப் போனாள். கங்கா பொறுக்கினாள், தள்ளுவண்டியில் குலையை ஏற்றி ரோட்டோரம் சேர்த்தாள், மறுபடி ஓடி வந்தாள். பத்து மணிக்கு ஐம்பத்தொரு குலை. ஐம்பத்திரண்டாவதற்காக மட்டையை வெட்டி இழுத்தபோது, மட்டைக்கு அடியில் தொங்கிய குளவிக்கூடு பாவாயியின் தோளில் வந்து விழுந்தது.

கங்கா அலறிக்கொண்டு ஓடி வந்தாள். பாவாயி முந்தானையால் தலையை மூடிக்கொண்டு தூரமாக ஓடி, கான் தண்ணீரில் குப்புற விழுந்தாள். குளவிகள் போன பிறகு எழுந்தாள். கழுத்திலும் கையிலும் முகத்திலுமாகப் பதினைந்து இடத்தில் கொட்டியிருந்தன. கங்கா வெற்றிலைப் பையிலிருந்த சுண்ணாம்பை எடுத்து ஒவ்வொரு இடமாகத் தடவினாள். பாவாயியின் இடது கண் அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீங்கி மூடிக்கொண்டது.

"ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம் அத்தே. மண்டோர்கிட்டச் சொல்லி இன்னொரு நாளு கேக்கலாம்."

"மூச்சு நல்லாத்தான் வருது. இன்னொரு நாளுன்னு கேட்டா, அப்பவே சொன்னேன்ல ஆகாதுன்னு, அப்படிம்பாரு." பாவாயி உளியைத் தேடி எடுத்தாள். "ஒரு கண்ணு போதும் புள்ள. குலை என்ன ஊசி மாதிரியா இருக்கு?"

ஆனால் ஒரு கண்ணால் பார்த்து வெட்டுவது மெதுவாகத்தான் நடந்தது. ஒவ்வொரு மரத்தடியிலும் குனிந்து, தலையைத் திருப்பித் திருப்பித் தேட வேண்டியிருந்தது. அரை மணி நேரத்தில் நாலே குலை. கங்கா கணக்குப் போட்டுப் பார்த்தாள், நேரம் போதாது. அப்போது அவளுக்கு ஒன்று தோன்றியது. குலையை வேறு யாரும் தொடக் கூடாது என்றுதான் சொன்னார்கள், பார்க்கக் கூடாது என்று சொல்லவில்லை. மேலும் அவள் அந்த இருவரில் ஒருத்தி, வேறு யாரோ இல்லையே!

சாக்கைப் போட்டுவிட்டு முன்னால் ஓடினாள். ஒவ்வொரு மரத்தடியாகப் பார்த்து, பழுத்த குலை உள்ள மரத்துக்கு முன்னால் ஒரு காய்ந்த மட்டையைக் குறுக்கே போட்டாள். நிரை முழுக்க அப்படிப் போட்டுவிட்டுத் திரும்பி ஓடி வந்து, பழம் பொறுக்கி, வண்டி தள்ளினாள். பாவாயி இனித் தேட வேண்டியதில்லை. மட்டை கிடந்த மரத்தில் நின்றாள், காலை முன்னால் வைத்தாள், இடுப்போடு குத்தினாள். குலை தடாலென்று விழுந்தது. அடுத்த மட்டை, அடுத்த குலை. ஒரு நிரை முடிவில் பாவாயி மூச்சு வாங்க நின்று, "நீ தப்பா ஒரு மரத்தக் கூடக் காட்டல" என்றாள். கங்கா சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அழ நேரமில்லை.

மத்தியானம் ஒரு மணிக்கு, தங்கள் வேலை முடிந்து திரும்பிய பெண்கள் ரோட்டோரம் வந்து நின்றார்கள். மருந்து அடிக்கும் கூட்டத்து இராஜம்மா, பாவாயியின் முகத்தைப் பார்த்து, தோளில் தொட்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். அப்புறம் ரோட்டோரம் அடுக்கிய குலைகளை எண்ணிவிட்டு அவள்தான் முதலில் கத்தினாள். "விடாதீங்கக்கா! இன்னும் எட்டுதான்!" மற்றவர்களும் கத்த ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு குலை விழும்போதும் ரோட்டோரம் ஆரவாரம் எழுந்தது. சத்தம் கேட்டு ஆண் வெட்டாள்களும் வந்து நின்றார்கள். கள்ளுக்கடையில் சிரித்தவர்களும் அதில் இருந்தார்கள்.

இரண்டு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது பாவாயி உளியைக் கீழே வைத்தாள். தொண்ணூற்றேழு குலை.

ஐயாவு ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். கடைசியில் ஒரு குலையில் குச்சியை வைத்து, "இது காய்" என்றார். "வாங்க, மரத்தப் பாப்போம்" என்று பாவாயி முன்னால் நடந்தாள். எந்த மரத்தின் குலை எது என்பது அவளுக்குத் தெரியும், இல்லை, கங்காவுக்குத் தெரியும். கங்கா நேராக ஒரு மரத்தடிக்குப் போய், மட்டையை விலக்கிக் காட்டினாள். அவசரத்தில் பொறுக்காமல் விட்ட உதிரிப் பழங்கள் புல்லுக்குள் சிவப்பாகக் கிடந்தன. ஐயாவு குனிந்து ஒன்றை எடுத்து நகத்தால் கீறினார். எண்ணெய் கசிந்தது. அவர் நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

"பழந்தான்" என்றார். பிறகு கூட்டம் கேட்கும்படி உரக்கச் சொன்னார். "தொண்ணூத்தேழும் பழம்!"

மேனேஜர் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தபோது பாவாயி வண்டிப் பிடியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவளுடைய முகத்தைப் பார்த்து அவர் பதறிப்போனார். முதலில் ஆஸ்பத்திரிக்குப் போ என்றார். பேர் பதிந்தாயிற்றா என்று அவள் கேட்டாள். அங்கேயே, மோட்டார் சைக்கிள் மேல் நோட்டை வைத்து அவர் எழுதிக் காட்டிய பிறகுதான் எழுந்தாள். போகும்போது கங்காவின் தோளில் கையை ஊன்றிக்கொண்டாள். அதற்கு முன் அவள் யார் தோளிலும் கை வைத்து நடந்ததை யாரும் கண்டதில்லை.

வீடு நின்றது. செல்லன் மறு வருஷம் நடக்கத் தொடங்கி, கொஞ்சம் நொண்டலோடு எடைபோடும் இடத்தில் வேலைக்குச் சேர்ந்தான். ஆனால் உளி அவன் கைக்குத் திரும்பவில்லை. சோதனை முடிந்த மூன்றாம் வாரமே இராஜம்மா வந்து, "எனக்கும் கத்துக் குடுங்கக்கா. அந்த மருந்துத் தொட்டியத் தூக்கித் தூக்கி ராவெல்லாம் இருமல்" என்று நின்றாள். பாவாயி அவளைப் புக்கிட் ரோத்தானுக்குக் கூட்டிப்போய்க் கிழவரிடம் அளவு கொடுக்க வைத்தாள். அடுத்து சின்னம்மா வந்தாள். மூன்றாவது ஆளாகக் கங்காவே உளி பிடித்தாள். 1986இல் ஏழாங்கட்டைத் தோட்டத்தில் ஏழு பெண்கள் முழுக் கூலிக்குக் குலை வெட்டினார்கள். பக்கத்துத் தோட்டங்களிலிருந்து மண்டோர்கள் வந்து பார்த்துப் போனார்கள். கொல்லுப்பட்டறைக் கிழவர் மூன்று விரல் உளியைச் செய்து கடை வாசலிலேயே தொங்கவிட்டார்.

கலாவதி பரீட்சையில் தேறி, நர்சுப் பயிற்சிக்குத் தேர்வாகிக் கிள்ளானுக்குப் போனாள். பாவாயிக்குக் கண்ணில் புரை விழுந்தபோது பேத்தியே அவளை அழைத்துப்போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். முகப்பில் ஒரு பெண் படிவத்தை நிரப்பிக்கொண்டே வந்து, வேலை என்ற இடத்தில் எதுவும் கேட்காமல் எழுதினாள்.

"என்ன எழுதுறாங்க?" என்று பாவாயி கேட்டாள்.

"வீட்டுல இருக்கிற அம்மான்னு போடுறாங்க அப்பாயி. வயசானவங்களுக்கு அப்படித்தான் போடுவாங்க."

"அடிக்கச் சொல்லு. பழம் வெட்டுறவள்னு போடச் சொல்லு. மாட்டேன்னா நான் திரும்பிப் போறேன், கண்ணு இப்பிடியே இருக்கட்டும்."

கலாவதி சிரிப்பை அடக்கிக்கொண்டு மலாயில் சொன்னாள். அந்தப் பெண் நிமிர்ந்து, வெள்ளை முடியும் மெலிந்த உடம்புமாக நின்றவளை ஏற இறங்கப் பார்த்தாள். பாவாயி உள்ளங்கையை விரித்து மேசைமேல் வைத்தாள். காய்ப்பு ஏறி மரப்பட்டைபோல இருந்த அந்தக் கையைப் பார்த்த பிறகு, எழுதியதை அடித்துவிட்டு மாற்றி எழுதினாள்.

கார்டு கணக்குப்படி ஓய்வு வயதான ஐம்பத்தைந்து முடிந்த 1987 கடைசியில் பாவாயி வேலையை விட்டாள். அதற்குள் வெட்டாள் என்ற முறையில் வீடு கங்காவின் பேருக்கு மாறியிருந்தது. அப்புறமும் பாவாயி காலையில் அவளோடு காட்டுக்கு வந்தாள். சும்மா காற்று வாங்க வந்ததாகச் சொல்லுவாள், வந்த நிமிஷமே குனிந்து உதிரிப் பழம் பொறுக்குவாள்.

1989இல் ஒரு சனிக்கிழமை, காட்டிலிருந்து வந்து குளித்துவிட்டு, தேத்தண்ணீர் கேட்டாள். கங்கா ஆற்றிக் கொண்டுவருவதற்குள் நாற்காலியிலேயே போய்விட்டாள். சபாக்கிலிருந்தும் பத்தாங் பெர்ஜுந்தாயிலிருந்தும் மகள்கள் வந்தார்கள். மற்ற வெட்டாள் பெண்களும் வேலை உடுப்போடு வந்து நின்றார்கள். மேனேஜர் மாலையோடு வந்தார். ஐயாவு கூடத்து ஓரத்தில் உட்கார்ந்து, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

சபாக் நாத்தனார் கங்காவைக் கட்டிக்கொண்டு அழுதாள். "கடைசி நாளுல ரொம்பக் கஷ்டப்பட்டாங்களா அண்ணி?"

கங்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். "எங்க கஷ்டப்பட்டாங்க? அன்னிக்குக் காலையில என் உளிய வாங்கித் தடவிப் பாத்துட்டு, 'இது உளியா, சட்டுவமா?'ன்னு எல்லாரு முன்னாடியும் மானத்த வாங்குனாங்க. அப்புறம் அவங்களே உக்காந்து தீட்டிக் குடுத்தாங்க."

சொல்லும்போதே கங்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இராஜம்மாவும் சிரித்தாள். செல்லன் சுவரில் சாய்ந்தபடி சிரித்தான். பிறகு ஒவ்வொருவரும் பாவாயியிடம் தான் வாங்கிய திட்டைச் சொல்ல ஆரம்பித்தார்கள்.